கம்பெனி கைவிரித்த சீட்டை வைத்தே டீலரிடம் நஷ்டஈடு வாங்கினேன்

புது மோட்டார் கருகினால் எல்லோரும் முதலில் தேடுவது வாரண்டி அட்டையைத்தான். அதன் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: முறைப்படி பொருத்தாததால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை. கம்பெனி அந்த வரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டீலர், "வாரண்டி கம்பெனி குடுக்கறது தம்பி, நான் என்ன பண்ண முடியும்?" என்பார். மோட்டாரைப் பொருத்திக்கொடுத்தது யார் என்ற கேள்வியை இரண்டு பேருமே தொடமாட்டார்கள்.

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் எங்களுக்குக் கேரட் தோட்டம். கீழே ஓடையை ஒட்டி ஒரு குட்டை, மேலே தோட்டம். பக்கத்து மாவட்டத்துக் கடை ஒன்றில் மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கிற மோனோபிளாக் மோட்டார் வாங்கினேன். ஃபிட்டிங்கும் அவர்களே செய்து தருவதாகப் பேச்சு. கடை வண்டியில் ஆள் வந்தார். குட்டைக்குப் பக்கத்திலேயே திட்டு கட்டலாமே என்று கேட்டேன். "மழைக்கு மூழ்கிடும்ணே" என்று சொல்லி மேட்டில், கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சிமென்ட் மூட்டையைச் சரிவில் இறக்கச் சோம்பல் என்பதுதான் உண்மைக் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிறைந்திருந்தவரை பிரச்சினை இல்லை. மாசி பிறந்து தண்ணீர் இறங்கியதும் மோட்டாருக்குள் ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம் கேட்டது. தண்ணீர் விட்டு விட்டு வந்தது. கடைக்குப் போன் செய்தால், "ஏர் புடிச்சிருக்கும், தண்ணி ஊத்தி ஓட்டுங்க" என்றார்கள். ஊற்றி ஓட்டினோம். சீல் வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்து, ஒருநாள் மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் கருகிவிட்டது. கேரட் விதை போட்டிருந்த நேரம். முளைத்து வரும்வரை மேல்மண் காயவே கூடாது. காய்ந்தது, விதை போச்சு.

மூஞ்சிக்கல்லில் காயில் கட்டும் பட்டறைக்காரர் ஒருவரிடம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கையே வைக்கவில்லை. "திறந்தா நீங்க திறந்ததாலதான் போச்சும்பாங்க. மறுபடி கொண்டுபோய் இருந்த எடத்துலயே வைங்க, கம்பெனி ஆளு வந்து அங்க பாக்கட்டும்" என்றார். இந்த முழு விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஆக உருப்படியான யோசனை அதுதான், காசு கூட வாங்கவில்லை.

கம்பெனியின் இலவச எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கினேன். கொஞ்சம் இழுத்தடித்துச் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மேட்டிலேயே வைத்துத் திறந்தார். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரின் இதழ்களில், தண்ணீர் நுழைகிற ஓரமெல்லாம் குழி குழியாக அரித்திருந்தது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அப்புறம் டேப் போட்டு, குட்டையின் தண்ணீர் மட்டத்திலிருந்து மோட்டார் மையம் வரை செங்குத்தாக அளந்தார். ஐந்தரை மீட்டர். இதற்கு நடுவில் தண்ணீரை உறிஞ்சுகிற சக்‌ஷன் பைப்பில் நான்கு பெண்டு (வளைவு) வேறு.

கையேட்டில் உறிஞ்சும் உயரம் அதிகபட்சம் 6 மீட்டர் என்றுதான் இருந்தது. அப்படியானால் ஐந்தரை சரிதானே என்று கேட்டேன். அதே பக்கத்தின் அடியில் அவர் விரல் வைத்துக் காட்டினார்: இந்த அளவு கடல் மட்டத்துக்கானது.

விஷயம் இதுதான். மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், குட்டையின் மேல் அழுத்துகிற காற்றுதான் தண்ணீரைப் பைப்புக்குள் ஏற்றிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் கணக்குப்படி 10.3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 8.1 மீட்டர்தான். மேல்மலையில் சோறு வேக நேரமாவதற்கும் இதே காற்றழுத்தக் குறைவுதான் காரணம். ஆக, கீழே 6 மீட்டர் இழுக்கிற மோட்டாருக்கு இங்கே 4 மீட்டர் கிடைத்தாலே பெரிது. அதற்கு மேல் போனால் இம்பெல்லர் வாயில் அழுத்தம் சரிந்து, தண்ணீர் சூடாகாமலே ஆவிக் குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் உள்ளே போய் உடைகிறபோது இரும்பையே பெயர்த்தெடுக்கும். நான் கேட்ட ஜல்லிச் சத்தம் அதுதான்.

சமவெளிக் கணக்கில் மலையில் மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினியர் அறிக்கையில், உற்பத்திக் குறைபாடு இல்லை, கையேட்டின்படி பொருத்தப்படவில்லை, வாரண்டி பொருந்தாது என்று எழுதி, அளவையும் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சோர்ந்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தாளை இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. தப்பாகப் பொருத்தியதால்தான் மோட்டார் போனது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. பொருத்தியது யார் என்று காட்டினால் போதும்.

பில்லில் மோட்டார், பைப், ஃபுட் வால்வு விலை மட்டும்தான் இருந்தது, ஃபிட்டிங் கூலி இல்லை. ஆனால் கூலியைக் கடையின் கியூஆர் கோடுக்குத்தான் அனுப்பியிருந்தேன். 'ஃபிட்டிங் ஆளு நாளைக்கு வருவாரு' என்று கடை எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும் இருந்தது. இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். சட்டப்படி நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனால் எதிராளி என்ன சாக்குச் சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

பதிலில் மூன்று சாக்கு. ஃபிட்டர் எங்கள் ஊழியர் இல்லை. ஐந்தரை மீட்டர் என்பது 6 மீட்டருக்குள்தான். வியாபாரத்துக்காக வாங்கிய மோட்டார், எனவே இவர் நுகர்வோரே இல்லை.

மூன்றாவதைப் படித்துக் கொஞ்சம் பயந்தேன். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது. நானே மண்வெட்டி பிடிக்கிற தோட்டம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொன்னேன். அதே சட்டத்தின் 86ஆவது பிரிவு, பொருளைச் சேர்த்துப் பொருத்துவதில் நியாயமான கவனம் எடுக்காத விற்பனையாளரும், உற்பத்தியாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குகிறவருக்குச் சொல்லாத விற்பனையாளரும் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பு என்கிறது. ஒரு நெளிவு இருக்கிறது. அந்தப் பிரிவில் 'தீங்கு' என்பது பொருளுக்கே வந்த சேதத்தைக் குறிக்காது. அதனால் மோட்டார் விலையைச் சேவைக் குறைபாடு என்ற கணக்கில் தனியாகக் கேட்கச் சொன்னார் வக்கீல்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். கடைக்காரர் அதே பதிலைத்தான் அங்கேயும் கொடுத்தார். பிறகு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் பக்கத்து மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். மேல்மலை நெட்வொர்க்கில் பிடிஎஃப் ஏற்றுவதுதான் உண்மையான சோதனை. கடைசியில் கொடைக்கானல் டவுனுக்கு வந்து ஏற்றினேன்.

எவ்வளவு கேட்பது என்பதில் வீட்டில் சண்டை. மச்சான் முழு விளைச்சல் மதிப்பையும் கேட்கச் சொன்னார். வராத கேரட்டுக்கு விலை சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. விதை பில், உழவுக் கூலி, தோட்டக்கலை அலுவலர் பார்த்து எழுதிக் கொடுத்த கடிதம், தேதியோடு எடுத்த போட்டோ, இவை தாங்குகிற தொகையை மட்டும் கேட்டேன். மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, வக்கீல் சொன்னதால்.

வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், வாய்தா அதற்கெல்லாம் அடங்குவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு பதில் மனு போட்டதும் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. அங்கே கடைக்காரர் ஃபிட்டர் தன் ஆள் இல்லை என்று ஆரம்பித்தார். சமரசர் கியூஆர் கோடு ரசீதைக் கையில் கொடுத்து, "அப்ப இந்தக் காசு ஏன் உங்க கணக்குக்கு வந்துச்சு?" என்றார். கடைக்காரர் தண்ணீர் குடித்தார். அதோடு ஐந்தரை, ஆறு பேச்சும் நின்றது.

முடிவானது இது: புது மோட்டார், குட்டையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள் அவர்கள் செலவிலேயே திட்டு, விதைச் செலவும் உழவுக் கூலியும், வழக்குச் செலவில் ஒரு பகுதி. மன உளைச்சல் தொகையை விட்டுக்கொடுத்தேன். ஆணையம் உத்தரவாகப் பதிவதற்காக எல்லாவற்றையும் எழுத்தில் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், ஏனென்றால் வாய்ப்பேச்சுக்குக் கடைக்காரரிடம் என்ன மதிப்பு என்று பார்த்தாகிவிட்டது. மோட்டாரை மாட்ட வந்தது அதே ஃபிட்டர்தான். இந்தத் தடவை சிமென்ட் மூட்டையை அவரே தோளில் சுமந்து சரிவில் இறக்கினார். பில்லில் 'ஃபிட்டிங் உட்பட' என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.