வேலைக்கு வெளியே ஒரு கார் இதழ்

பெங்களூரில் டிசைன் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. வங்கிச் செயலியோ காப்பீட்டுப் படிவமோ, எது வந்தாலும் திரையில் எது எங்கே வரும் என்று முதலில் கட்டம் போட்டுவிடுவோம். அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுத்து வரப்போகிறது என்பது கிளையன்ட் பக்கமிருந்து கடைசி நேரத்தில்தான் வரும். அதுவரைக்கும் பொருளில்லாத லத்தீன் வரிகளைக் கொட்டி நிரப்பி, ரிவ்யூவில் காட்டி ஓகே வாங்கிவிடுவோம். சொந்தமாக ஒரு கார் இதழை இணையத்தில் தமிழில் தொடங்கிய பிறகுதான் இந்த வரிசை தலைகீழானது. எங்களுக்கு எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. நாங்கள் எழுதினால்தான் வடிவமைக்கவே ஏதாவது இருக்கும். ஒரு டிசைன் குழுவுக்கு இதைவிட நல்ல பயிற்சி அமையாது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

இந்திராநகரில் அலுவலகம். குழுவில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள்: சேலம், கிருஷ்ணகிரி, நாகர்கோவில், ஒருவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பலர் ஓசூர் ரோட்டில்தான் இருப்பார்கள். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி, அத்திப்பள்ளியைக் கடந்துவிட்டால் பாதி ஊர் வந்த மாதிரி. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் பேச்சு முழுக்க வண்டியைப் பற்றியே ஓடும். எந்த வண்டியில் பின் சீட்டில் அம்மாவுக்கு முழங்கால் இடிக்கிறது, எந்த டிக்கியில் அரிசி மூட்டை போக மாட்டேன் என்கிறது, புதுசாக வந்ததற்குப் பின் கண்ணாடி ஏன் இத்தனை சிறுசு என்றெல்லாம். வடிவத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசுகிறவர்கள் அதை எழுதினால் என்ன என்று தோன்றியது. தொடக்கம் அவ்வளவுதான்.

நிர்வாகத்திடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டோம். வேலை ஒப்பந்தங்களில், பணிக்காலத்தில் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சைடு புராஜெக்ட் தொடங்குகிற எவரும் கோடு வரைவதற்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும். எங்கள் மேலாளர் நல்ல மனிதர். அலுவலக நேரம் வேண்டாம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கிளையன்ட் சமாசாரம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எங்களுக்கு அது போதும்.

புதுக் கார்களை விமர்சிப்பதில்லை என்று முடிவு செய்ததுதான் இதழுக்கு முகம் கொடுத்தது. ஓட்டிப் பார்க்க வண்டி கொடுக்கும் நிறுவனங்கள் பெரிய ஊடகங்களுக்குத்தான் கொடுக்கும். அதற்காகக் காத்திருப்பதும், ஷோரூமில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதுவதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. சாலையில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள் ஏன் அந்த வடிவத்தில் இருக்கின்றன என்று எழுதுவோம் என்றோம். டிசைனர்களால் நேர்மையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

முதல் பெரிய கட்டுரை டிக்கியைப் பற்றி. இந்தியாவில் சின்ன செடான்களின், அதாவது டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கார்களின், பின்பக்கம் வெட்டியெடுத்ததுபோல் நிற்பதற்குக் காரணம் டிசைனரின் ரசனை இல்லை, அரசின் வரிவிதிப்பு விதி ஒன்று. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. தாண்டக்கூடாது. அந்தக் கோட்டுக்குள் நுழைய எல்லாரும் வாலைச் சுருக்கினார்கள். 2008-ல் டாடா இண்டிகோ சி.எஸ். 3988 மில்லிமீட்டரில் வந்தது. மாருதி டிசையர் 2008-ல் அறிமுகமானபோது 4160 மில்லிமீட்டர். 2012-ல் வந்த அடுத்த தலைமுறை 3995. டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316-க்கு இறங்கியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. டெல்லியில் வாசித்த ஒரு பட்ஜெட் உரை கிருஷ்ணகிரி குடும்பத்தின் அரிசி மூட்டையை டிக்கியிலிருந்து பின் சீட்டுக்கு ஏற்றிவிட்டது என்பதை நாங்கள் அப்போதுதான் முழுசாக உணர்ந்தோம்.

இந்தக் கட்டுரைதான் அதற்கான பக்கத்தையும் தீர்மானித்தது. சேலத்துப் பெண் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். பொறுமைக்குப் பெயர் போனவர். எல்லா வண்டிகளின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் ஒரே அளவுகோலில் வரைந்தார். முன் பம்பர்களை இடப்பக்கம் ஒரே கோட்டில் நிறுத்தி, வண்டிகளை மேலிருந்து கீழாக அடுக்கினார். வலப்பக்கம் 4 மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. போனில் கீழே தள்ளிக்கொண்டே வந்தால், பழைய டிசையரின் வால் கோட்டைத் தாண்டி நிற்பதும், 2012 டிசையருக்கு வந்ததும் கோட்டைத் தொடாமல் நின்றுவிடுவதும் தெரியும். தலைப்புக்கு மேலே பெரிய படம், அதன் கீழே இரண்டு பத்தி என்று நாங்கள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த கட்டங்களில் இது எதிலும் அடங்காது. கட்டங்களை எடுத்துவிட்டோம்.

அந்த உற்சாகத்தில் டாடாவின் குட்டிக் கார் நானோவை எழுதினோம். 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் அதைக் காட்டியபோது உலகமே விலையைத்தான் பேசியது. நாங்கள் சக்கரத்துக்கு மூன்றே போல்ட், ஒரே வைப்பர், திறக்காத பின்கதவு என்று விலை எங்கெங்கே உடம்பில் தழும்பாக நிற்கிறது என்று தேடினோம். பெங்களூருக்கே சொந்தமான ரேவாவையும் விடவில்லை. 2001-ல் பொம்மசந்திராவிலிருந்து வெளிவந்த அந்தக் குட்டி மின்சாரக் கார் லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. எஃகுச் சட்டகத்தின் மேல் பிளாஸ்டிக் பலகைகள். இன்று எல்லாரும் மின்சாரக் காருக்கு ஓடுகிறார்கள். இந்த ஊரில் அதைச் செய்தவர்களை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எழுத்துருவுக்கும் எங்களுக்கும் நடந்த போராட்டம் தனிக்கதை. அலுவலகத்தில் நாங்கள் கற்ற பாதி வித்தை ஆங்கிலத்தோடு நின்றுவிடும். சிறு தலைப்பை எடுப்பாகக் காட்ட அங்கே பெரிய எழுத்தில் போட்டால் போதும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று கிடையாது. கனத்தையும் அளவையும் வைத்துத்தான் காட்ட வேண்டும். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே ழு, ணு, கூ என்று இறங்கும் சுழிகளும் இருப்பதால் ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த வரி இடைவெளி தமிழில் மூச்சுத் திணறும். இடைவெளியை எழுத்தளவின் 1.7 மடங்குக்குக் கொண்டுபோன பிறகுதான் கண்ணுக்கு இதமாக வந்தது. ‘ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்’ மாதிரி ஒரு சொல் வந்தால் போன் திரையில் ஒரு வரியையே எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நிறுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஆகவே இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தோம். கட்டுரையின் பத்திகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, தலைப்புக்கு முக்தா மலர். இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. தமிழில் படிக்க அழகான பக்கம் செய்வது எங்களுக்கு மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. நல்லதுதான்.

படங்களுக்கு வருகிறேன். நிறுவனங்கள் வெளியிடும் படங்களுக்கு நிபந்தனைகள் உண்டு, இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்டுவது திருட்டு. எனவே நாங்களே எடுத்தோம். கார் என்பது நாலு பக்கமும் கண்ணாடி. எதிரில் நிற்கிற மரம், கரண்ட் கம்பம், கேமராவோடு நிற்கிற ஆள் என்று எல்லாம் அதில் விழும். ஞாயிறு விடியலில், வெயில் ஏறுவதற்கு முன்னால், அல்சூர் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் வானத்தின் வெளிச்சம் மெத்தென்று விழுந்து கதவின் மேல் ஓடும் மடிப்பு வரி தெளிவாக எழும்பும். மதிய வெயிலில் அதே வரி காணாமல் போய்விடும்.

இதைச் சரியாகப் புரியவைத்தவர் வில்சன் கார்டனில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், பெங்களூருக்கு வந்து பல காலம் ஆகிறது. விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியை வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுத அவரிடம் போயிருந்தோம். ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் நின்றது. எனக்குக் கதவில் ஒரு குறையும் தெரியவில்லை. நீளமான வயரில் தொங்கிய டியூப் லைட்டைக் கையில் எடுத்து, கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் குறுக்காகப் பிடித்தார். கதவில் வெள்ளைக் கோடாக அதன் பிம்பம் விழுந்தது. லைட்டை மெதுவாக மேலிருந்து கீழே இறக்கினார். கைப்பிடிக்குக் கீழே வந்ததும் நேர்க்கோடு லேசாக நெளிந்து, மறுபடி நேரானது.

“எங்க வளையுது பாத்தீங்களா தம்பி? அங்க பட்டி வெச்சிருக்காங்க.”

பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். சுற்றிலும் டங் டங் என்று தகரம் பேசியது. அந்த இடத்தில் மட்டும் தொப்பென்று அமுங்கிய சத்தம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வைத்தார். மற்ற இடத்தில் கப்பென்று பிடித்தது, அங்கே வழுக்கி விழுந்தது.

“எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?” என்று கூட வந்தவர் கேட்டார். “கத்துக்க என்ன இருக்கு? எங்க மேஸ்திரி லைட்டைப் பிடிக்கச் சொல்வாரு, நான் பிடிப்பேன்” என்றார்.

கார் நிறுவனங்களின் ஸ்டுடியோக்களில் களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து, மேலே பளபளப்பான படலம் ஒட்டி, விளக்கின் பிம்பம் எங்கே உடைகிறது என்று பார்ப்பார்கள். கணினியிலும் வரிக்குதிரை மாதிரிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்வார்கள். வில்சன் கார்டனில் ஒரு மனிதர் டியூப் லைட்டை வைத்து அதே அறிவைக் கையாள்கிறார். அந்தக் கட்டுரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். டியூப் லைட் இறங்குவதைத் தொடர்ச்சியாக எடுத்த படங்களைக் கோத்து, விரலால் தள்ளினால் வெளிச்சக் கோடு கதவில் நகருகிற மாதிரிச் செய்தார் நாகர்கோவில்காரர். படிப்பவர் கையில் லைட்டைக் கொடுத்துவிட்டோம். இதழில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

நேர்மாறான பக்கம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று எங்களைத் தெரிந்த எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27, கர்நாடகச் சாலை வரி, பிறகு ஊரில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்பது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். (பாரத்) வரிசை எண்ணும் ஒரு வழி, அது 2021-ல் வந்தது. இதற்கு அழகாக ஓவியம் போட்டு வைத்திருந்தோம். படித்துப் பார்த்த கிருஷ்ணகிரிக்காரர், “ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில நின்னுக்கிட்டு இதைத் திறக்கிறவனுக்குப் படம் எதுக்கு?” என்றார். ஓவியத்தை எடுத்தோம். ஒரே பக்கம், வரிசை எண், பெரிய எழுத்து. அவர் சொன்னதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

பழைய கார் விற்கும் ஒரு டீலர் பணம் தருகிறேன், தன் கடையைப் பாராட்டி எழுதுங்கள் என்று வந்தார். மறுத்துவிட்டோம். செலவு பெரிதாக இல்லாததால் மறுக்க முடிந்தது. இதழைச் சின்னதாகவே வைத்துக்கொள்ள அது ஒன்றே போதுமான காரணம்.

அலுவலகத்துக்கு இதனால் என்ன பயன் என்று மேலாளர் கேட்டதில்லை, ஆனால் பயன் வந்தது. மோட்டார் காப்பீட்டு இழப்பீடு கேட்கும் திரைகளைச் செய்யும் வேலை எங்களிடம் வந்தபோது, குழுவில் யாரும் கட்டம் போட உட்காரவில்லை. பட்டறைக்குப் போனார்கள். சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் வண்டியைச் சுற்றி எந்த வரிசையில் பார்க்கிறார் என்று கூடவே நடந்து குறித்தார்கள். வண்டியை மோதிவிட்டு நடுங்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்பவருக்குச் சொல்ல வேண்டிய ஒவ்வொரு வரியையும் முதலில் எழுதினார்கள். ‘சேதத்தின் படத்தைப் பதிவேற்றவும்’ என்று கிளையன்ட் வைத்திருந்த இடத்தில், வண்டியின் மூலையில் நில்லுங்கள், நம்பர் பிளேட் தெரியட்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓரடி நகர்ந்து இன்னொரு படம் எடுங்கள் என்று வந்தது. அந்தக் கடைசி வரி வில்சன் கார்டன் பெரியவருடையது. கிளையன்ட் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது விருப்பம் இருந்தால் இதழுக்கு ஒரு கட்டுரை தருகிறோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் தம்பி கார் கதவின் கைப்பிடியை எடுத்திருக்கிறார். அடியில் விரலை விட்டுத் தூக்கித் திறந்தவை, முழுக் கையால் பிடித்து இழுக்கிறவை, கதவோடு கதவாகப் புதைந்து கிடக்கிறவை என்று பார்க்கிங்கில் படம் எடுத்து வைத்திருக்கிறார். மூட்டுவலி உள்ள தன் பாட்டி எதைத் திறக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்று ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். வடிவமைப்பை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்.