முகம் மறைத்த படம்

அந்தப் பாட்டிக்கு நான் சொன்ன பதில் தவறில்லை. இன்றைக்கு வேறு யார் அதே கேள்வியைக் கேட்டாலும் அநேகமாக அதையேதான் சொல்வேன். அப்படியிருந்தும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, கோயிலில் பூசை நடக்கும்போது, அடுத்த மடலுக்குப் படம் தேடும்போது, திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிப் பார்த்தாலாவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

பள்ளிச் செய்தி மடல் என் பொறுப்பு. நான்கு பக்கம். அலுவலகத்திலேயே நகலெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவோம். மாதா கோயிலின் பின்பக்க மேசையில் ஒரு கட்டு வைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போடுவோம். மலேசியாவில் கோயில் நிலத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளி என்பதால் படிப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கப் பங்கு மக்கள், மீதிப் பேர் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் இந்துக் குடும்பங்கள். மாணவர் எண்ணிக்கை 150-க்கும் கீழே போய்விட்ட பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிய நினைக்கும் பெற்றோர் முதலில் பார்ப்பது இந்த மடலைத்தான். அதில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும், பள்ளி உயிரோடு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதைத் தலைமையாசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

பாட்டி கேள்வி கேட்ட இதழின் முதல் பக்கத்தில் ஒரு நிறுவனம் புத்தகப் பை கொடுத்த நிகழ்ச்சியின் படம். நடுவில் நிறுவனத்தார், அவர்கள் பக்கத்தில் தலைமையாசிரியரும் சங்கத் தலைவரும். இரண்டு பக்கமும் புதுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளைகள். பின்னால் பதாகை. அதில் ‘பி40 குடும்ப மாணவர்களுக்கு’ என்று தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய அளவில் எழுதியிருந்தது. பி40 என்றால் வருமானத்தில் கீழே இருக்கும் 40 விழுக்காட்டுக் குடும்பங்கள். அந்த எழுத்தும் பிள்ளைகளின் முகமும் ஒரே படத்தில் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. படத்தைப் போடாமல் இருக்கவும் வழியில்லை. நிறுவனம் தன் கணக்குக்கு அதைக் கேட்டிருந்தது, மடலின் பிரதியும் வேண்டும் என்றிருந்தது. அதனால் பிள்ளைகளின் முகத்தின் மேல் மட்டும் மஞ்சள் வட்டம் ஒன்றை ஒட்டினேன், கைப்பேசியில் இருக்குமே, சிரிக்கிற முகம், அது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நல்ல யோசனை, டீச்சர் என்றுகூட ஒருவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பாட்டி வந்தார். பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவது அவர்தான். அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போகாமல் என்னிடம் வந்து நின்றார். மடல் கையில் நாலாக மடித்து இருந்தது.

“டீச்சர், என் பேரன் எதையாவது திருடிட்டானா?”

“என்ன பாட்டி, இப்படிக் கேக்குறீங்க?”

அவர் மடலை விரித்துக் காட்டினார். “போலீஸ் பிடிச்சிட்டுப் போறவன் மூஞ்சியத்தான் பேப்பர்ல இப்படி மறைப்பாங்க. குடுத்தவங்க மூஞ்சி எல்லாம் நல்லா தெரியுது. வாங்கின பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி?”

“நாளைக்கு அவன் பெரிய பையனானதும் இதை வச்சு யாரும் கேலி பண்ணிடக் கூடாது பாட்டி. அவனுக்கு வெட்கமா இருக்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன்.”

“வெக்கம்னா என்னன்னு இது வரைக்கும் அவனுக்குத் தெரியாது, டீச்சர். இனிமே தெரிஞ்சுக்குவான்.”

குரலை உயர்த்தவே இல்லை. பையன் பக்கத்தில் நின்று புதுப் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். மணி அடித்துவிட்டது. “சரி பாட்டி, அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டுச் சபைகூடலுக்குப் போனேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது இல்லாததுபோல எழுதினால் பொய்யாகிவிடும். பல வருடங்களாகச் சிற்றுண்டிச்சாலையில் காலை உணவுத் திட்ட வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் திட்டத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் ஆர்எம்டி. அது என்றால் எங்கள் பள்ளிகளில் தெரியாதவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சாப்பாடு, நல்ல திட்டம்தான். ஆனால் நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வந்ததும் சில பிள்ளைகள் அந்த வரிசைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பசிக்கவில்லை டீச்சர் என்பார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பசிக்காமல் இருக்குமா? ‘ஆர்எம்டி’ என்று பட்டப்பெயர் வைத்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வெட்கம் என்பது நான் கற்பனை செய்த ஒன்று இல்லை. பாட்டியின் பேரன் அப்போது இரண்டாம் ஆண்டு. அவனுக்கு இன்னும் அது வரவில்லை, அவ்வளவுதான். வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

தடுத்தேனா, நானே கொண்டுபோய்க் கொடுத்தேனா என்பதுதான் பாட்டியின் கேள்வி.

2023-ல் பள்ளித் தொடக்க உதவித்தொகை 150 ரிங்கிட்டைப் பெற்றோர் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய சில வருடங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் 100 ரிங்கிட். எல்லாருக்கும் என்று ஆனபோது பணம் வாங்க வந்த கூட்டத்தை நான் கவனித்தேன். கடைக்காரர் மனைவியும் வந்தார், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவரும் வந்தார், ஆசிரியர்களாகிய நாங்களும் எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் போய் அதே வரிசையில் நின்றோம். ஒருவரும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அந்த வருடம் அந்தப் படத்தை மடலில் போட்டேன், எந்த முகத்தையும் மறைக்கத் தோன்றவில்லை. ஆக வாங்குவதில் வெட்கம் இல்லை. பொறுக்கி எடுத்துத் தனியாக நிறுத்துவதில்தான் அது இருக்கிறது. மேடையில் தனியாக நிறுத்தியது நான் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் வட்டம் ஒட்டி இன்னும் ஒரு தடவை தனியாக்கியது நான்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்தவரை எங்கள் மடலின் முதல் பக்கம் யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை. ஏழு தாளிலும் ஏ, அதாவது 7ஏ எடுத்தவர்களுக்கு. 2016-ல் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தாள் எட்டானதும் 8ஏ எடுத்தவர்களுக்கு. அந்தப் படங்களைப் பெற்றோர் சட்டம் போட்டு மாட்டினார்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், சாமிப் படங்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் மடலின் பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதியது 2019-ல். அடுத்த வருடம் கோவிட்டால் நடக்கவில்லை, 2021-ல் தேர்வையே நீக்கிவிட்டார்கள். தேர்வு போனதில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைகளைப் பிழிந்து எடுத்த தேர்வு அது. ஆனால் அதோடு, தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் முகம் அச்சில் வருவதற்கு இருந்த பெரிய வழி அடைபட்டது. இப்போது விளையாட்டுப் போட்டி இருக்கிறது. கோயில் திருவிழா இருக்கிறது. அப்புறம், யாராவது எதையாவது கொடுக்கும் நிகழ்ச்சி. ஓடத் தெரியாத, பாடத் தெரியாத, அமைதியான ஒரு பையனுக்கு மூன்றாவது மட்டும்தான்.

ஜூலையில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பங்கிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்குப் பேருந்து எடுப்பார்கள். 2019-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கோயில், திருவிழா நாட்களில் நாடு முழுக்க இருந்து கூட்டம் வரும். எங்கள் இந்துப் பிள்ளைகளும் பெற்றோரோடு அந்தப் பேருந்தில் ஏறிக்கொள்வார்கள், பாட்டியும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மெழுகுவர்த்தி பிடித்து நின்ற பிள்ளைகளின் படத்தில் அவனும் இருந்தான், முகம் பளிச்சென்று. அதையும் நான்தான் போட்டேன். அப்போது அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு யோசனையும் எனக்கு வரவில்லை. பாட்டி அந்த இதழையும் வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பிள்ளை என்ன புரிந்துகொள்வான்? மெழுகுவர்த்தி பிடித்த நீ காட்டக்கூடியவன், பை வாங்கிய நீ காட்டக்கூடாதவன் என்றுதானே?

மத்தேயு நற்செய்தியில் தர்மம் செய்வதைப் பற்றி வரும் இடத்தை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது. வட்டம் ஒட்டிய அன்று இதைத்தான் மனத்தில் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். பாட்டி பேசிவிட்டுப் போன வாரம் அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். மறைந்திருக்கச் சொல்வது கொடுக்கிறவரை. வாங்குகிறவர் முகத்தை மூடச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீட்டுக்குப் போய் அரிசி, பருப்பு கொடுத்துவிட்டு வருவார்கள், யார் வீடு என்று ஃபாதரைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கொடுப்பதற்குப் படமும் கிடையாது, பதாகையும் கிடையாது. எங்கள் மடலில் கொடுத்தவர்களின் முகம் தெளிவாக இருந்தது, பெயரும் கீழே இருந்தது. பாட்டி நற்செய்தி படிக்கிறவர் இல்லை. ஆனால் முதல் பார்வையிலேயே அதைத்தான் கேட்டார்.

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். பாட்டி சொன்னதே சரி, இனி மறைக்க மாட்டேன் என்று. ஆனால் அதே வாரத்தில் இன்னொரு தாய் என்னைக் கோயில் வாசலில் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கணவர் வீட்டை விட்டுப் போனது கணவர் வீட்டு உறவுக்காரர்கள் பலருக்கு இன்னும் தெரியாது. மகள் அந்தப் படத்தில் பையோடு நின்றிருக்கிறாள். “நீங்க மறைச்சிருக்காட்டி என் மாமியார் ஊரெல்லாம் காட்டியிருப்பாங்க, டீச்சர்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடம் நான் என்ன சொல்வது? உங்கள் மகளின் முகத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்றா?

கேட்டுப் போடலாமே என்று உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் சொன்னார். விருப்பம் உள்ளவர்கள் முகம் இருக்கட்டும், மற்றவர்களுடையது மறைந்திருக்கட்டும் என்று. நானும் யோசித்தேன். எல்லார் முகமும் தெரிகிற படத்தில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் வட்டம் இருந்தால், ஊரே அந்த வட்டத்தைத்தான் பார்க்கும். இங்கே முகத்தை வைத்தா ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள்? உயரத்தையும் நிற்கிற விதத்தையும் பார்த்தாலே போதும். மறைத்தால் எல்லாரையும் மறைக்க வேண்டும், காட்டினால் எல்லாரையும் காட்ட வேண்டும். அப்படியானால் ஒருவருடைய சங்கடத்துக்காக இன்னொருவருடைய பெருமையை எடுத்துக்கொள்கிறேன். அல்லது மாற்றி. அதை முடிவு செய்ய என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மடலை யார் செய்கிறாரோ அவர் கையில்தான் அது வந்து விழுகிறது.

பாட்டி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறைக்காத படம் இருந்தால் ஒன்று எடுத்துக் கொடுங்கள், காசு தருகிறேன் என்றார். அவர் பிறந்ததே தோட்டத்தில். ரப்பர் பால் வெட்டிய காலத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக்குத் தமிழ் நேசன் வரும், அதை மத்தியானத்துக்கு மேல் லயத்தில் யாராவது சத்தமாகப் படிப்பார்கள், அதில் வேறு பள்ளிப் பிள்ளைகளின் படம் வரும் என்று சொன்னார். அந்தப் பத்திரிகை 2019-ல் நின்றுவிட்டது. “எங்க குடும்பத்துல யாரு படமும் எதுலயும் வந்ததில்ல, டீச்சர். இவன் படம்தான் மொதல்ல வருதுன்னு நெனச்சேன்.” திருவிழாப் படத்தில் வந்தானே பாட்டி என்றேன். அது கோயில் படம், இது பள்ளிக்கூடத்துப் படம் என்றார்.

பட்டணத்துக் கடையில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். ஆனால் முழுப் படத்தைக் கொடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தெரியக் கூடாது என்று அவனை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தேன். பதாகையும் இல்லை, மேடையும் இல்லை. பையும் அவனும் மட்டும். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் எங்கே என்று கேட்டார். பெரியவர்களோடு பேரன் மேடையில் நின்றதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மற்றத் தாய்மார்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், சரி என்றார், படத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். திருப்தியாகப் போனார் என்று என்னால் சொல்ல முடியாது.

புதுப் பள்ளித் தவணைக்கு அதே நிறுவனம் மீண்டும் வருகிறது. மேடை வேண்டாம், வகுப்பாசிரியர் மூலமாகக் கொடுத்துவிடலாம், அல்லது நம் பள்ளியில் இருப்பதே கொஞ்சம் பிள்ளைகள்தானே, எல்லாருக்குமே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கடிதம் எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் என்று வந்துவிட்டால் ஒரு வட்டமும் ஒட்ட வேண்டியதில்லை. மேடை வேண்டாம் என்பதை மட்டும் அவர்கள் ஒப்புக்கொண்டால், அந்தச் செய்தியை நான் பாட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பேரன் தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்பானா என்று அவர் இப்போதே ஒரு முறை கேட்டுவிட்டார்.