மூன்றா ஐந்தா என்று பேசப் பிராக் போன கதை

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரலை மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். அதே சொல்லைப் பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கொடுத்து, நீளத்தை எண்ணும் லென் கட்டளை போட்டுக் கேட்டால் 5 என்று வரும். இந்த மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நடக்கிற கூத்தைப் பற்றிப் பேசத்தான் 2024 ஜூலையில், பைத்தான்காரர்கள் கூடும் யூரோபைத்தான் மாநாட்டுக்குச் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போய்வந்தேன். முதல் வெளிநாட்டுப் பயணம், மேடையேறி ஆங்கிலத்தில் பேசியதும் முதல் தடவை. "அவ்வளவு தூரம் போய் வெள்ளைக்காரங்களுக்கு எழுத்து எண்ணச் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று அம்மா கேட்டார். ஆமாம், அதேதான்.

திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் ஒவ்வொருவராக, எப்படிப் போனாய், செலவு யாருடையது, விசா கஷ்டமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

யூரோபைத்தான் 2002இல் பெல்ஜியத்தின் ஷார்லெருவாவில் தொடங்கியது. அப்புறம் ஊர் ஊராக மாறி, 2023இல் பிராக் வந்தது. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். பேச வேண்டுமென்றால் யாருடைய சிபாரிசும் வேண்டாம், ஆண்டுத் தொடக்கத்தில் அழைப்பு வரும்போது தலைப்பும் சுருக்கமும் எழுதி அனுப்பினால் போதும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா, 2023இல் நானும் அப்படித்தான் நினைத்து ஒன்றை அனுப்பி நிராகரிக்கப்பட்டேன். இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது. தமிழின் தொன்மையில் ஆரம்பித்து, தட்டச்சுப்பொறி, பழைய எழுத்துருக் குறியாக்கங்கள் என்று நடந்து, கடைசி வரியில்தான் பைத்தான் எட்டிப்பார்க்கும்.

அடுத்த ஆண்டு, புதிதாகப் பேச வருகிறவர்களுக்கு அவர்களே வைத்திருக்கும் வழிகாட்டித் திட்டத்தில் சேர்ந்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. எனக்கு வாய்த்த வழிகாட்டி என் சுருக்கத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எனக்கு உன் மொழி தெரியாது. உன் பேச்சைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் நான் என் நிரலில் எதை மாற்ற வேண்டும்?" அன்றிரவே முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். உங்கள் நிரல் ஒரு பயனரின் எழுத்தை எங்கே பாதியில் வெட்டுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது. அவ்வளவுதான். தமிழ் அதில் உதாரணமாக வந்தது, ஆனால் பாதி உதாரணங்கள் தமிழாகவே இருந்தன, அது வேறு விஷயம். தேர்வாகிவிட்டது என்ற மின்னஞ்சலைக் கோவை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

பணத்துக்கு, மாநாட்டின் நிதியுதவித் திட்டத்துக்குத் தனியாக விண்ணப்பித்தேன். நுழைவுச்சீட்டும் பயணத்திலும் தங்குவதிலும் ஒரு பங்கும் கிடைத்தன. மீதி என் சேமிப்பு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: உதவிப் பணம் எனக்கு மாநாடு முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது, அதுவரை விமானம், விடுதி எல்லாம் நம் கார்டில்தான் ஏறி நிற்கும்.

அப்புறம் விசா. உண்மையில் பேச்சைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு மே மாதம் 80 யூரோ கட்டினேன் (ஜூன் 11 முதல் அது 90 ஆகிவிட்டது, நிராகரித்தாலும் திரும்ப வராது). 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வருமான வரி ரிட்டர்ன், அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம், விடுதி முன்பதிவு, அழைப்புக் கடிதம் என்று ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறினேன். அங்கே விசா விண்ணப்ப மையத்தின் கவுன்டரில் இருந்தவர் அழைப்புக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது யாரு?" என்றார்.

நம் இனிஷியல்தான் காரணம். மாநாட்டுப் பதிவில் பழக்கதோஷத்தில் முன்னால் ஒரெழுத்து இனிஷியல் போட்டுப் பெயரை எழுதியிருக்கிறேன். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இரண்டும் ஒரே ஆள், கடிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அண்ணன் தம்பி. வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தில்லித் தூதரகத்தில் கேட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்றார். வெளியே வந்து நடைபாதையில் நின்றபடியே மாநாட்டுக் குழுவுக்கு எழுதினேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி புதுக் கடிதம் மறுநாள் காலைக்குள் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: "அடையாள அட்டையில் உங்களை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படியே போடுகிறோம், சொல்லுங்கள்." முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று வாழ்க்கையில் எத்தனையோ படிவங்கள் என்னை மிரட்டியிருக்கின்றன, இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மறுபடி சென்னை, மறுபடி கவுன்டர், கடிதத்தைச் சேர்த்துவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் விசா ஒட்டி வந்தது.

பேச்சுக்குத் தயாரானதில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். எல்லாரையும்போல டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் வெறும் எழுத்துத் திரையைத் திறந்து நேரடியாக நிரல் எழுதிக் காட்டலாம் என்றிருந்தேன். ஒத்திகையில் பார்த்தால் என் டெர்மினலில் 'மி' என்பது மகரம் தனி, கொக்கி தனி என்று பிரிந்து கிடந்தது. எழுத்து உடைவதைப் பற்றிப் பேசப்போகிற இடத்தில், நான் உடைத்துக் காட்டுவதற்கு முன்பே அது உடைந்து நின்றால் எப்படி? எல்லாவற்றையும் பிரவுசருக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்குக்கு மாற்றினேன், பிரவுசரில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அப்படியும் நம்பாமல் ஒவ்வொரு திரையையும் படமெடுத்து பிடிஎஃப்பாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து பிராக். விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் டிராலிபஸ், அதன்பின் மெட்ரோ, எல்லாம் 40 கொருனா (செக் பணம்) சீட்டு ஒன்றில் அடங்கிவிட்டது. 90 நிமிடம் செல்லும். ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் குத்திக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் ஏறிய பாட்டி நான் முழிப்பதைப் பார்த்து என் கையிலிருந்து சீட்டை வாங்கி அவரே குத்திக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மாநாடு நடந்த பிராக் காங்கிரஸ் மையம் விஷெஹ்ராத் மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அந்த நிலையத்துக்கு முன்னால் ரயில் நுஸ்லே பாலத்தின் வயிற்றுக்குள் ஓடுகிறது, மேலே கார்கள். நிலையத்தில் இறங்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு ஓட்டு வீடுகள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் சாப்பிட மறந்து நடந்துகொண்டே இருந்தேன்.

நட்பான மாநாடு, நட்பான மாநாடு என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். சிரித்த முகமாக இருப்பார்கள் போல என்று நினைத்திருந்தேன். முதல் நாள் காலை, காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத மாப்பிள்ளையின் நண்பன் மாதிரி. பக்கத்தில் நின்ற வட்டம் ஒன்றில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். பேச்சை நிறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை, இடம் மட்டும் விட்டார். போய் நின்றேன். நான் நின்றதும் இன்னொருவர் நகர்ந்து மறுபடி ஓர் இடம் திறந்தது. இதற்கு பேக்மேன் விதி என்று பெயராம். நின்று பேசும்போது வட்டத்தை மூடாதே, பழைய வீடியோ கேமில் வரும் பேக்மேன் என்ற வட்டப் பொம்மையின் திறந்த வாய்போல ஓர் ஆள் நுழையும் இடத்தை எப்போதும் திறந்து வை என்பதுதான் விதி. இதை யோசித்து, பெயர் வைத்து, பழக்கமாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கூச்ச சுபாவம் உள்ளவனை "வாங்க, பேசுங்க" என்று அழைத்தால் இன்னும் சுருங்கிப் போவான். இடம் விட்டால் போதும், தானாக வருவான்.

என் பேச்சு இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம். (எல்லாரும் தூங்குவார்கள் என்று நினைத்தது தவறு.) அரங்கை நடத்தும் தன்னார்வலர் இருபது நிமிடம் முன்பே வந்து மைக்கை மாட்டிவிட்டு, என் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள் என்றார். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அதை இஸட் எச் என்று எழுதிவைத்திருப்பதால் வெளியாட்கள் யாரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. அவர் நாக்கை மடித்து ஏழெட்டு முறை முயன்றார், கடைசி முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. "இப்போது என் முறை, செக் மொழியில் முன்னூற்று முப்பத்து மூன்று சொல்லுங்கள்" என்றார். ரகரத்தையும் ஸகரத்தையும் ஒரே நேரத்தில் உதறுவதுபோல ஒரு ஒலி, அதுவும் மூன்று இடத்தில். நான் தோற்றேன். அந்தச் சிரிப்பிலேயே நேரமாகிவிட்டது, பயப்பட அவகாசம் கிடைக்கவில்லை.

பேச்சின் முதல் திரையில் 'தமிழ்' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். திருப்பினால் புள்ளி முன்னால் வந்து, உட்கார ஆளில்லாமல் ஒரு வெற்று வட்டத்தின்மேல் தொங்குகிறது, கொக்கி மகரத்தை விட்டு ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து, சொற்களை மட்டும் எடுத்துக்கொடு என்று பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் தேடும் குறிமுறை) சொல்லின் எழுத்து என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டுக் கேட்டால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வருகிறது. கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ஆனால் அதே 'தமிழ்' என்பதை நிரலில் ஒரு மாறிக்கு (வேரியபிள்) பெயராக வைக்கலாமா என்று பைத்தானிடம் கேட்டால் தாராளமாக வைக்கலாம் என்கிறது. இதெல்லாம் எழுத்துதானா என்று கேட்டால் இல்லை என்கிறது. அரங்கம் இங்கேதான் முதலில் சிரித்தது, அதுவரை என் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது மேசை மறைத்ததால் யாருக்கும் தெரியாது.

இதற்கு வழி உண்டு. ரெகெக்ஸ் என்று தனியாக நிறுவும் பைத்தான் தொகுப்பில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே பிரித்துத் தரும், மூன்று வரும். தமிழ் வேலை என்றால் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் சமமில்லை, எனவே முதலில் நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடமே மீதி என்ற அட்டையைக் காட்டிவிட்டார்கள், அகரவரிசைப் பகுதியை முழுக்க வெட்டினேன். யூனிகோடு வரிசையில் ன, ந-வுக்கு அடுத்து வந்து நிற்கும், நம் வரிசையில் அது கடைசி எழுத்து. இதற்காக வரைந்த படம் அப்படியே போனது, வயிறெரிந்தது.

கேள்வி நேரத்தில் ஒருவர், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி சொல்லும் நீளமும் பைத்தான் சொல்லும் நீளமும் ஒன்றாக இருக்குமா என்று கேட்டார். தமிழுக்கு இருக்கும், இமோஜிக்கு இருக்காது என்று இப்போது தெரியும், அப்போது மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. தெரியவில்லை என்றேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து விடையைச் சொல்லிவிட்டு, "நல்ல கேள்வி, நான் இதில் மாட்டி ஒரு வாரம் தவித்திருக்கிறேன்" என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் மானம் போகவில்லை.

முடிந்து இறங்கும்போது ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், உள்ளூர்க்காரர், கையில் பேனாவோடு வந்தார். என் கையேட்டை வாங்கி 'ஹ்ராத்' (hrad) என்றும் 'க்ஹ்லேப்' (chléb) என்றும் இரண்டு செக் சொற்களை எழுதினார். கோட்டை, ரொட்டி. அகராதியில் எது முதலில் வரும் என்றார். இரண்டாவது சொல் சி-யில் தொடங்குகிறதே, அதுதான் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். சி-யும் எச்-சும் சேர்ந்து வந்தால் செக் மொழியில் அது ஒரே எழுத்து, எச்-சுக்கு அடுத்த இடம் அதற்கு. குறுக்கெழுத்தில் அது ஒரே கட்டத்தில் உட்காரும். "கணினி எங்களுக்கும் இரண்டென்றுதான் எண்ணுகிறது" என்றார். வெட்டி எறிந்த அகரவரிசைப் படத்தை லேப்டாப்பில் திறந்து காட்டினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து அடுத்த உரையைத் தவறவிட்டோம்.

சனி ஞாயிறு ஸ்பிரின்ட், அதாவது கூடி உட்கார்ந்து திறமூல (ஓப்பன் சோர்ஸ்) வேலை செய்வது. நான் ஓர் ஆவணத்தில் இரண்டு வரி திருத்தினேன், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உணவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சைவம் என்றால் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும்தான் எல்லாக் கடையிலும், மூன்றாம் நாள் ஊறுகாய் ஞாபகம் வந்துவிடும், ஒரு பாக்கெட் எடுத்துப் போங்கள்.

விசா ஃபைலில் வைத்த தாள்களின் பட்டியலும் தேர்வான சுருக்கமும் நிராகரிக்கப்பட்ட சுருக்கமும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். நிராகரிக்கப்பட்டதை முதலில் படியுங்கள். பதிவுப் படிவத்தில் மட்டும் இனிஷியல் போட்டுவிடாதீர்கள்.