மீன் தொட்டித் தண்ணீரில் வோல்டேஜ்: அளந்து பார்த்த அனுபவம்

மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தொட்டித் தண்ணீரிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாம் ஓடும்போது 96 வோல்ட் ஏசி காட்டியது. பதற வைக்கிற எண்தான். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

எர்த் எடுக்க, ஒரு மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னுக்கு மட்டும் பச்சை வயர் கொடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டு பின்களும் காலி. அந்த சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்தாக வேண்டும்: லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 சொச்சம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் வயர்களை குரோகடைல் கிளிப்பால் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட்டேன். அளந்து முடிக்கும் வரை கை தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

ஹீட்டரை நிறுத்தியதும் 34 வோல்ட்டுக்கு இறங்கியது. ஃபில்டரையும் நிறுத்தினால் 9. விளக்கையும் அணைத்தால் ஏறக்குறைய பூஜ்யம்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதனால் மிக மிகச் சிறிய மின்னோட்டம் இருந்தாலே அது பெரிய வோல்டேஜைக் காட்டிவிடும். நன்றாக இருக்கும் பம்ப்பின் சுருளுக்கும் தண்ணீருக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் எபாக்ஸியும்தான் இருக்கின்றன. அந்த இடைவெளி ஒரு கெபாசிட்டர் மாதிரி (நேரடித் தொடர்பு இல்லாமலே ஏசியைக் கொஞ்சம் கடத்தும் அமைப்பு) வேலை செய்து தண்ணீரில் வோல்டேஜை ஏற்றுகிறது. அதன் பின்னால் நிற்கும் மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்கள்தான். இதையும் நிஜக் கசிவையும் பிரித்துக் காட்ட, மீட்டருக்கு இணையாக 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன். சில மைக்ரோ ஆம்பியர் மட்டும்தான் என்றால் அதன் வழியே போய் வோல்டேஜ் விழுந்துவிடும், நிஜக் கசிவு என்றால் கணிசமான வோல்டேஜ் மிஞ்சும். முழு 230 வோல்ட் வந்தாலும் அதில் 5 வாட் சொச்சம்தான் விழும் என்பதால் 10 வாட் எடுத்தேன். சின்னக் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும்.

ஃபில்டரும் விளக்கும் மட்டும் ஓடும்போது 34 வோல்ட், ரெசிஸ்டர் போட்டதும் அரை வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது. அவை இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஹீட்டரையும் சேர்த்து ஓடவிட்டால் 96 இறங்கி 39-இல் நின்றது. 39-ஐ 10 ஆயிரம் ஓமால் வகுத்தால் 3.9 மில்லி ஆம்பியர். இது நிஜக் கசிவு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஹீட்டரைச் சோதிக்கும்போது தெர்மோஸ்டாட்டை ஏற்றி, அதன் விளக்கு எரியும் நிலையில் அளக்க வேண்டும். தண்ணீர் சூடாக இருந்து அது உள்ளுக்குள் அணைந்திருந்தால் கசிவு தெரியாமலே போகலாம். கழற்றித் துடைத்துப் பார்த்தபோது, ரப்பர் மூடிக்குக் கீழே கண்ணாடியில் முடி போல ஒரு கீறல், உள்ளே ஈரம். வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று அதன் வயரை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

இத்தனைக்கும் மீன்கள் சாதாரணமாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஒன்றும் ஆகாத அதே காரணம்தான்: மீனைச் சுற்றியுள்ள தண்ணீர் முழுக்க ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் இருக்கிறது. தரையில் நின்றபடி கையை விடும் ஆளுக்குத்தான் ஆபத்து. ஆகவே மீன் நன்றாக இருப்பதை வைத்துத் தொட்டி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்.

புது ஹீட்டர் மாட்டிய கையோடு, தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டேன். எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு விழும் வழக்கமான சுவிட்ச்) இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எம்சிபி 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்ற அளவைத் தாண்டினால்தான் விழும்; அது வயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஆர்சிசிபி, லைனில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 300 மில்லி விநாடிக்குள் துண்டித்துவிடும்.

கூடவே ஒரு டைட்டானியம் எர்த் கம்பியையும் தண்ணீரில் இறக்கினேன். தொட்டி கண்ணாடி, அது மேஜை மேல் நிற்கிறது, கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியே இல்லை. கை பட்டால் அந்தக் கைதான் வழி. கம்பி இருந்தால் பெரிய பழுது வந்த நொடியே ஆர்சிசிபி விழுந்துவிடும். ஆனால் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்தக் கம்பியைத் தனியாகப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். தண்ணீரில் ஒரு கையும், பழுதான விளக்கின் உலோக உடம்பில் இன்னொரு கையுமாக இருந்தால், அதே கம்பி நெஞ்சு வழியாக மின்சாரம் ஓட வழி செய்துவிடும்.

3.9 மில்லி ஆம்பியருக்கு ஆர்சிசிபி விழாது என்பதையும் கவனியுங்கள். ஆரம்பக் கசிவை மீட்டர்தான் காட்டும். அதனால் மாதா மாதம் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தும்போதே, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரோடு ஒரு அளவும் எடுத்து எழுதி வைக்கிறேன். கடைசி அளவு 0.4 வோல்ட்.

ஆர்சிசிபி விழுந்தால் ஃபில்டரும் நின்றுவிடும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மீன்களுக்கு மூச்சு முட்டும். கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் அது குமிழி விட ஆரம்பித்துவிடுகிறது. அடுத்து கடல்நீர்த் தொட்டியை அளக்க வேண்டும். அங்கே உப்புப் படிவு வயர் வழியே பிளக் வரை ஊர்ந்து வருகிறது, எல்லா வயரையும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டுவதுதான் முதல் வேலை.