இச்சி, நீங்கள், சான்

நான் தமிழில் சப்டைட்டில் எழுதும் ஒரு போர்க்காலத் தொடரின் மூன்றாம் அத்தியாயம் சரிபார்ப்பு முடிந்து திரும்பி வந்திருந்தது. முகாம் முற்றத்தில் பெண்கள் வரிசையாக நின்று ஜப்பானிய மொழியில் எண் சொல்லும் காட்சி. திரையின் அடியில் என் சப்டைட்டில் இப்படி ஓடியது: "இச்சி. நீங்கள். சான். சீ. கோ."

வாய்விட்டுச் சிரித்தேன். ஜப்பானிய மொழியில் இரண்டு என்பதற்குச் சொல் 'நி'. நடிகை அதை நீட்டிக் கத்தியதால் நான் 'நீ' என்றே எழுதிவிட்டேன். சரிபார்ப்பாளரோ கோப்பிலிருந்த 'நீ' அனைத்தையும் ஒரே கட்டளையில் 'நீங்கள்' ஆக்கிவிட்டு, வினைமுற்றுகளைத் தேடித் தேடித் திருத்தியிருந்தார். எண்ணுக்கு ஏது வினைமுற்று? அது அவர் கண்ணில் படவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் வயிறு கலங்கியது. மூன்று அத்தியாயங்களிலும் எந்தப் பெண் எந்தப் பெண்ணை 'நீ' என்பாள், யார் யாரை 'நீங்கள்' என்பாள் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை அத்தனையும் போயிருந்தது. அவருடைய குறிப்பு ஒரே வரி: "பெண்கள் ஒருவரோடொருவர் மரியாதையாகவே பேசட்டும். சீராக இருக்கும்."

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எட்டு ஆண்டுகளாக என் கோப்புகளைப் பார்க்கிறார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆனாலும் இன்றுவரை என்னை 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறார். அவரிடம் இந்தச் சண்டையை எப்படித் தொடங்குவது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன்.

சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகளாகச் சப்டைட்டில் எழுதுகிறேன். பெரும்பாலும் துப்பறியும் தொடர்கள்தான் வரும். அவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. காவல் அதிகாரிக்கு 'நீங்கள்', பிடிபட்டவனுக்கு 'நீ', முடிந்தது. இடமும் மிச்சம். எழுத்தெண்ணும் மென்பொருளுக்குப் புள்ளியும் ஓர் எழுத்து, சுழியும் ஓர் எழுத்து. அதன் கணக்கில் 'நீ' இரண்டு, 'நீங்கள்' ஏழு. இரண்டு வரிக்குள், மூன்று நான்கு விநாடிக்குள் ஒரு மனுஷியின் கோபத்தை அடைக்க வேண்டியவளுக்கு அந்த ஐந்து எழுத்து பெரிய சொத்து.

இந்தத் தொடர் அப்படிப்பட்டதல்ல. சிங்கப்பூர் வீழ்ந்தபோது கப்பலேறித் தப்ப முயன்று, சுமத்ராவில் ஜப்பானியரிடம் அகப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் முகாமில் கிடந்த பெண்களின் கதை. பாத்திரங்கள் கற்பனை, ஆனால் அவர்கள் நிற்கும் மண் கற்பனையல்ல. 1942 பிப்ரவரி 15-இல் நகரம் சரணடைவதற்கு முந்தைய நாள்களில் புறப்பட்ட கப்பல்களில் பல சுமத்ராவை ஒட்டிய பங்கா நீரிணை அருகே குண்டுவீச்சில் மூழ்கின. 'வைனர் புரூக்' என்ற ஒரு கப்பலில் மட்டும் 65 ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் இருந்தார்கள். 12 பேர் கடலோடு போனார்கள். 21 பேரைப் பங்காத் தீவின் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வரிசையில் நின்றும் பிழைத்த விவியன் புல்விங்கல் உட்பட 32 பேர் முகாமுக்குப் போனார்கள். ஊர் திரும்பியவர்கள் 24 பேர்.

வேலைக்காக இவற்றைப் படித்தபோது என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று: முகாமுக்குள்ளேயும் மேடு பள்ளம் இருந்தது. சுமத்ரா அதுவரை டச்சுக் காலனி; டச்சுப் பெண்கள் அங்கிருந்த தங்கள் வீடுகளிலிருந்து மெத்தை, பாத்திரம், கொஞ்சம் காசு என்று எடுத்து வந்தவர்கள். கப்பல் மூழ்கி நீந்தி வந்தவர்களுக்கு உடுத்திய துணியும் முழுதாக இல்லை. அவர்கள் டச்சுப் பெண்களுக்கு முடி வெட்டி, துணி தைத்து, எடுபிடி வேலை செய்து நாலு காசு சேர்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேலி, ஒரே காவலன், ஒரே புழுத்த அரிசி. ஆனாலும் யார் யாருக்கு வேலைக்காரி என்ற கணக்கு ஓயவில்லை. ஆங்கில வசனம் இதையெல்லாம் ஒரே சொல்லால் மூடிவிடும், எஜமானிக்கும் அதே முன்னிலை, வேலைக்காரிக்கும் அதே முன்னிலை. தமிழில் மூட முடியாது. வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே யார் மேலே யார் கீழே என்று சொல்லியாக வேண்டும்.

தொடரில் மலாயாவின் ரப்பர் தோட்டத்து மேலாளரின் மனைவி ஒருத்தி வருகிறாள். என் பாட்டி இருந்தால் 'துரைசானி' என்பார். இன்னொருத்தி ஐரோப்பிய-ஆசியக் கலப்பில் பிறந்த யுரேசியச் செவிலி. முதல் அத்தியாயத்தில் துரைசானி அவளை 'நீ' என்கிறாள், செவிலி 'நீங்கள்' என்கிறாள். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான்காம் அத்தியாயத்தில் துரைசானி மலேரியாவில் கிடந்து கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்புகிறாள். செவிலி மூலத்தில் இரண்டே சொல் சொல்கிறாள். நான் 'சாப்பிடு' என்று எழுதினேன். 'சாப்பிடுங்கள்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் 'சாப்பிடு'. அந்த ஒரு சொல்லில்தான் அவர்களுக்கிடையே இருந்த வீடு, தோட்டம், வேலைக்காரர்கள் எல்லாம் இடிந்து விழுகின்றன என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு இருவரும் 'நீ'தான். தொடக்கத்திலிருந்தே எல்லாரும் 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தால் இடிவதற்கு அங்கே என்ன இருக்கும்?

முகாமிலிருந்த பெண்களை என்னவென்று அழைப்பது என்பதும் குழப்பம்தான். போர்க்கைதிகள் அல்ல, 1929-இன் ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளைப் பற்றியது, பொதுமக்களுக்கென்று தனி உடன்படிக்கை 1949-இல்தான் வந்தது. ராணுவச் செவிலியரையும் ஜப்பானியர் பொதுமக்களாகவே கணக்கில் வைத்தார்கள். 'தடுப்புக்காவல்' என்றால் நீதிமன்றச் செய்தி வாடை. 'அடைபட்டவர்கள்' என்று வைத்துக்கொண்டேன். அதைச் சரிபார்ப்பாளர் தொடவில்லை.

ஒருவழியாகத் தொலைபேசியில் அழைத்தேன். "சார், மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கி, எண் வரிசையைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சில விநாடி சத்தமில்லை. பிறகு அவரும் சிரித்தார். "உண்மையைச் சொல்கிறேன், வாக்கியங்களைத்தான் பார்த்தேன். காட்சியைப் பார்க்கவில்லை" என்றார். நிமிடக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில் இது பாவம் என்று சொல்ல மாட்டேன். நானும் அவசரத்தில் செய்ததுண்டு. 'நீ' எல்லாம் திரும்பி வந்தது. எண் மட்டும் இனி 'நி'.

ஆனால் இன்னொரு சொல்லில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முகாமில் காலையும் மாலையும் பெண்களை நிற்கவைத்துத் தலை எண்ணுவார்கள். ஜப்பானிய மொழியில் 'தென்கோ'. வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், காவலன் வந்ததும் இடுப்பு வளையக் குனிய வேண்டும், கணக்கு தவறினால் மறுபடி முதலிலிருந்து. 'வருகைப் பதிவு' என்று எழுதினால் பள்ளிக்கூடம்போல் இருக்கும். நான் 'பெரட்டு' என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: விடியுமுன் இருட்டில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். பாட்டி ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். சப்பான்காரன் காலத்தில் தோட்டப் பள்ளியில் கற்றுக்கொண்ட இச்சி, நி, சானைச் சாகும்வரை மறக்கவில்லை; எங்களுக்குப் பல்லாங்குழி ஆட்டத்தில் அப்படித்தான் எண்ணுவார். அவருடைய சித்தப்பாவை அதே காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் அவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இத்தனை நாள் பெரட்டு எடுத்த வீட்டின் அம்மாள் இப்போது பெரட்டில் நிற்கிறாள். இதைவிடப் பொருத்தமான சொல் அகப்படுமா என்று நான் பெருமையோடு இருந்தேன்.

"சென்னையில் பார்ப்பவர்களுக்குப் புரியாது" என்றார் முதலில். புரியவைக்கலாம் சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் அப்பா பெரட்டுக்குப் போனவர். முப்பது வருஷம் போனார். அவரைப் பற்றி யாரும் பத்து அத்தியாயம் எடுக்கவில்லை. அந்தச் சொல்லையாவது அவரிடமே விட்டுவைக்கலாமே" என்றார்.

பதில் சொல்ல வரவில்லை. 'தென்கோ' என்றே போட்டோம். அவர் சொன்னது சரியா என்று இன்றும் எனக்குள் முடிவாகவில்லை. துரைசானிமீதும் எனக்கு இரக்கம் வந்துவிட்டிருந்தது, அதுதான் சிக்கல்.

ஆறாம் அத்தியாயத்தில் என்னிடம் வேலையே வாங்காத நான்கு நிமிடங்கள் உண்டு. சுமத்ராவின் பாலம்பாங் முகாமில் உண்மையாகவே நடந்ததைத் தழுவிய காட்சி. மிஷனரியான மார்கரெட் டிரைபர்கும், இசை பயின்ற நோரா சேம்பர்ஸும் நினைவிலிருந்தே பெரிய இசைக்கோவைகளை எழுதி, வாத்தியங்கள் இல்லாததால் பெண்களின் குரல்களையே வாத்தியங்களாக்கினார்கள். முதல் நிகழ்ச்சி 1943 டிசம்பர் 27. பாட்டில் சொல் கிடையாது, வெறும் ஒலி. டச்சு, ஆங்கிலம் என்று மொழி பிரிந்து கிடந்தவர்களுக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். டிரைபர்க் 1945 ஏப்ரலில், கடைசி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த சில நாள்களில் இறந்துபோனார். விதிப்படி அடைப்புக்குள் 'இசை' என்று போட வேண்டும். நான் திரையை வெறுமையாக விட்டேன். அந்த நான்கு நிமிடத்துக்கும் கூலி கொடுத்தார்கள்.

கடைசி அத்தியாயம். ஜப்பான் ஆகஸ்ட் 15-இல் சரணடைந்தாலும் சுமத்ராவின் அந்த முகாமில் ஆகஸ்ட் 24-இல்தான் சொன்னார்கள். தொடரும் அந்த ஒன்பது நாள்களை விடாமல் காட்டுகிறது. பிறகு சிங்கப்பூர், சுத்தமான படுக்கை, கண்ணாடியில் தன் முகத்தையே அடையாளம் தெரியாத பெண்கள். இறுதிக் காட்சியில் துறைமுகத்தில் துரைசானியும் செவிலியும் சந்திக்கிறார்கள். துரைசானி தொப்பி அணிந்திருக்கிறாள். செவிலி அவளைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்கிறாள். நான் எழுதியது: "நீங்கள் நன்றாகத் தேறிவிட்டீர்கள்."

கோப்பு திரும்பி வந்தபோது அந்த வரியின் ஓரத்தில் குறிப்பு இருந்தது: "நான்காம் அத்தியாயத்திலிருந்து இவர்கள் 'நீ' அல்லவா? கவனப் பிழையா?"

"இல்லை சார். கணவர் பக்கத்தில் நிற்கிறார். காட்சியைப் பாருங்கள்" என்று எழுதினேன்.

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "பார்த்தேன். இருக்கட்டும்."