கிண்ணத்தருகே வந்தும் தின்னாத கினிப் பன்றி

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கினிப் பன்றி, உணவுக் கிண்ணத்தை நோக்கி ஆவலோடு ஓடி வந்து, கேரட் துண்டை வாயில் கவ்வி, உடனே கீழே போட்டுவிட்டுத் திரும்பிச் சென்றது. பசியில்லை போலும் என்று நான் எண்ணியது தவறு. உண்மையில் அந்த விலங்கால் உணவை மென்று தின்ன முடியவில்லை.

இவ்விலங்குக்கு மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் மட்டுமல்லாமல் கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. புல் குறைந்து, குருணைத் தீவனமும் காய்கறியும் மிகுந்துபோனால், கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போலக் கவிந்து, விழுங்கவே விடாமல் செய்துவிடக்கூடும். முன்பற்களைப் பார்த்தே நிம்மதி அடைந்திருந்தவன் நான். கோளாறோ மருத்துவர் கருவி கொண்டு பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். இப்போது கூண்டில் எந்நேரமும் உலர்புல் இருக்கிறது. மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது என்பதால், நாள்தோறும் சிறிது குடைமிளகாயும் உண்டு. ஒரு நாள் உண்ணாமல் கிடந்தாலே குடலியக்கம் நின்றுபோகும் அபாயம் இருப்பதால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்கில்லை. மெலிவதைக் கண்ணைவிடத் தராசு முன்னரே காட்டிவிடுகிறது. ஆகவே வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்க்கிறேன். அதில் அசையாமல் உட்காருவதற்கு அது கொத்தமல்லித் தழையை லஞ்சமாகக் கேட்கிறது.