வாளியும் கொடிக்கயிறும்

அக்காவுக்கு மாசியில்தான் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். மார்கழி முதல் வாரத்திலேயே வலி எடுத்துவிட்டது. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து 108 வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்து சேர்ந்தோம். பையன். 31 வாரம், 1,350 கிராம். இரண்டாம் நாள் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். காலை நீட்டினால் என் ஆள்காட்டி விரல் நீளம்கூடப் பாதம் இல்லை.

அது காப்பிப் பழம் பறிக்கும் சமயம். மாமா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் கூலி போய்விடும். ஆகவே அம்மாவும் தாய்மாமனான நானும்தான் அக்காவோடு இருந்தோம்.

நான்காம் நாள் காலையில் அக்காவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். குழந்தைக்கு மட்டும் இன்னும் பல வாரங்கள் ஆகும் என்றார்கள். அது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் இங்கே வேண்டாம். தாய்மார் தங்குவதற்கு அங்கே அறை கிடையாது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டும், இரவிலும். "பக்கத்தில் எங்காவது இருந்துகொள்ளுங்கள்" என்றார் சிஸ்டர். அந்த 'எங்காவது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஒரு வாரம் அலைந்தேன்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுத்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. ஆனால் கூட வந்தவர்கள் தலைசாய்க்கும் இடத்துக்கு எந்த அட்டையும் இல்லை.

முதல் இரண்டு இரவும் வராந்தாவில் கழிந்தன. காவலாளி விடியற்காலையில் கம்பால் தரையைத் தட்டி எழுப்புவார். கூட்டிப் பெருக்க வேண்டுமே, அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்கு 900 ரூபாய். வெந்நீர் காலை இரண்டு மணி நேரம் மட்டும்தான் வரும். சமைக்கக் கூடாது. பிரசவித்து ஒரு வாரம்கூட ஆகாத உடம்புக்குக் கடை பரோட்டாவையா கொடுப்பது என்று அம்மா தினமும் சண்டை போட்டார், அதுவும் என்னிடம். எடுத்த பாலை வரவேற்பறைப் பிரிட்ஜில் சோடா பாட்டில்களுக்கு நடுவே வைத்தோம். ஒரு முறை போய்ப் பார்த்தால் டம்ளர் மூடி தனியாகக் கிடந்தது. பாலை அப்படியே கொட்டிவிட்டு அக்கா அழுததை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வழி காட்டியவர் வார்டு துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர். வேலை முடிந்து போகும்போது, "வா தம்பி" என்று செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மேலே ஓர் அறை, ஒரு குளியலறை, மொட்டை மாடி. வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்: குழந்தை எத்தனை கிராம், இரவில் தாயோடு யார் நடந்து போவது, சமைப்பது யார். அதன் பிறகுதான் ஆதார் நகல் கேட்டார். வாடகை ஒரு நாளைக்கு 250 ரூபாய், கேஸ் தனி. ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தரலாமே என்று யாரோ சொன்னார்களாம். "சும்மா கொடுத்தால் குழாய் ஒழுகுகிறது என்று என்னிடம் சொல்லக் கூசுவீர்கள்" என்றார்.

மருத்துவமனைக்கு நடந்தால் 12 நிமிடம். அந்த நடைதான் எங்களைக் காப்பாற்றியது. பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும், பிரிட்ஜில் ஒரு நாள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரம்மா தன் பிரிட்ஜின் மேல் தட்டை முழுவதும் காலி செய்து, "இதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது" என்று மருமகளிடமே சொல்லிவிட்டார். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் பிளாஸ்திரி ஒட்டி நேரம் எழுதி வைத்தோம். இரவு 2 மணிப் பாலைத் துணியில் சுற்றி நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். அந்த ஒரு வேளையாவது அக்கா தூங்கட்டும் என்றுதான்.

படுக்க இடம் இல்லையே என்றுதான் நான் முதலில் தவித்தேன். கடைசியில் எங்களுக்கு அதிகம் உழைத்தது கொடிக்கயிறுதான். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, துணி எல்லாம் தினமும் துவைத்து வெயிலில் காய்ந்ததாக வேண்டும். லாட்ஜில் அவற்றை எங்கே உலர்த்துவது?

எடை ஏறத் தொடங்கியதும் கங்காரு முறையில் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார்கள். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியதாம் இது. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு மணி நேரம் அசையவில்லை. நகக்கண்ணில் காப்பிக் கறை போகாத விரல்கள் அந்த முதுகின் மேல் படாமல் படுவதுபோல இருந்தன.

காத்திருந்த ஓர் இரவு கைபேசியில் படித்தேன்: 1974இல் பிலடெல்பியாவில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர், புற்றுநோய் வந்த தன் மகளுக்காக மருத்துவமனை நாற்காலியில் தூங்கி அலுத்து, மற்றவர்களுக்காகவும் சேர்த்து ஒரு தங்கும் இல்லம் தொடங்கக் காரணமாக இருந்திருக்கிறார். ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "அங்கேயும் நாற்காலிதானா?" என்றார்.

29ஆம் நாள் 1,720 கிராமில் டிஸ்சார்ஜ். அதோடு மலைக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்து 30 நாளைக்குள் பார்த்துவிட வேண்டும். பார்த்தார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். தை மாதப் பனியில் ஏற்காட்டுக்கு அவனைத் தூக்கிப் போகவும் பயம். இன்னும் 16 நாட்கள் அந்த மாடியிலேயே இருந்தோம். டிஸ்சார்ஜ் தேதியோடு தங்கும் கணக்கை முடிக்காதீர்கள் என்று இப்போது மலையிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அறை பார்க்கும்போது கட்டிலைப் பார்க்காதீர்கள், பிரிட்ஜையும் மொட்டை மாடியையும் பாருங்கள் என்பேன். லாட்ஜ்காரரிடம் நாள் வாடகையாக இல்லாமல் வார வாடகையாகப் பேசினால் தொகை குறையும். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

கிளம்பும்போது வாளி, கொடிக்கயிறு, மின்சாரக் கெட்டில், இரண்டு பாய், அந்த டம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். அதற்குப் பிறகு நான்கு குடும்பங்கள் அதைப் பயன்படுத்திவிட்டன. போன மாதம் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்கள் வந்துவிட்டதால் கயிற்றை இரண்டாக அறுத்திருக்கிறார்கள். புதிதாக 15 மீட்டர் வாங்கிப் போட்டிருக்கிறேன். வாளிக்குத்தான் கைப்பிடி கழன்றுவிட்டது. அடுத்த முறை கீழே இறங்கும்போது மாற்ற வேண்டும்.